வாத்தியக்காரர்கள் எழுதட்டும்

தமிழில் இசையமைப்பாளர்களைப் பற்றி வருவதில் முக்கால்வாசி எழுத்தே அல்ல, தீபாராதனை. அதே பத்துப் பன்னிரண்டு கதைகள். அரை மணி நேரத்தில் ஏழு டியூன் போட்டார். ஆர்மோனியத்தைத் தொடாமலே மொத்த ஸ்கோரையும் எழுதினார். எழுதியதைப் பார்த்த வெளிநாட்டுக்காரன் மயங்கி விழுந்தான். இந்த மயங்கி விழும் வெளிநாட்டுக்காரனுக்கு மட்டும் எந்தக் கட்டுரையிலும் பெயர் இருப்பதில்லை. தீபாராதனை முடிந்ததும் எதிர்க்கோஷ்டி வரும். அந்த டியூன் அங்கே சுட்டது, இந்த பிஜிஎம்மை உண்மையில் போட்டது கீபோர்டுக்காரர்தான் என்று அவர்கள் ஒரு பட்டியல் வாசிப்பார்கள். இரண்டு கோஷ்டியிலும் அந்த மனிதரோடு ஒரு நாள்கூட ஒரே அறையில் உட்கார்ந்து வேலை செய்தவர்கள் கிடையாது.

உட்கார்ந்து வேலை செய்தவர்கள் இருக்கிறார்கள். எண்பது வயதை ஒட்டி வடபழனியிலும் சாலிகிராமத்திலும் இருக்கிறார்கள். சிலர் சொந்த ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். அவர்களை நாம் எழுத விடவில்லை என்பதுதான் என் குற்றச்சாட்டு. அவர்களைப் பேச விட்டோம், ஆனால் எழுத விடவில்லை. இரண்டும் ஒன்றல்ல.

எங்கள் கீரிப்பாறைப் பக்கத்தில் அப்படித் திரும்பி வந்த ஒருவர் இருக்கிறார். பெயர் சொல்லக்கூடாது என்பது அவர் விதித்த நிபந்தனை. சின்ன வயதில் ஆலயக் குவயரில் ஸ்டாஃப் நொட்டேஷன் படித்து, மெட்ராசுக்குப் போய், ஒரு பெரிய இசையமைப்பாளரிடம் பல வருஷம் பியானோவும் பிறகு கீபோர்டும் வாசித்தவர். இப்போது ரப்பர்த் தோட்டத்துக்கு நடுவில் மகள் வீட்டில் இருக்கிறார். நான் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவேன். மூன்று நோட்டுப் புத்தகங்களில் அந்தப் பெரிய மனிதரோடு பழகிய நாட்களைக் கைப்பட எழுதி வைத்திருக்கிறார். நீலமும் கறுப்புமாக மாறி மாறி வரும் மை, ஓரத்தில் அங்கங்கே பென்சிலில் போட்ட ஐந்து கோடும் அதில் நாலு நோட்டும்.

அந்தப் பக்கங்களில் என்னை நிறுத்தியது ஒரு சின்ன விஷயம். முதல் பக்கத்தில் இசையமைப்பாளரை 'அவர்' என்கிறார். நாலாம் பக்கத்தில் ஒரு லாட்ஜ் அறையும் இரண்டு பேருக்கு ஒரு தோசையும் வருகிறது. அங்கே 'அவன்' என்று எழுதி, அடித்து, மேலே 'அவர்' என்று திருத்தியிருக்கிறார். இருபது பக்கம் தாண்டிய பிறகு திருத்தவில்லை. 'அவன்' அப்படியே ஓடுகிறது. பிறகு ஒரு ரிக்கார்டிங் நாள் வருகிறது, எல்லார் முன்னாலும் ஒரு வார்த்தை வருகிறது. மறுவரியிலிருந்து மறுபடி 'அவர்'. கடைசிவரைக்கும் 'அவர்'தான்.

ஒரு நட்பு எப்போது பிறந்தது, எப்போது முறிந்தது என்பதை இதைவிடத் துல்லியமாக எந்த ஆராய்ச்சியாளன் எழுதிவிட முடியும்? தமிழில் ஒரு விகுதியே இந்த வேலையைச் செய்யும். அதுவும் அடித்தல் தெரிகிற கையெழுத்தில் மட்டும்தான்.

இதை ஒரு பதிப்பகத்தார் பார்த்தார்கள். பாராமுகமாக இருக்கவில்லை, ஆசையாகத்தான் வாங்கிப் பார்த்தார்கள். 'அவன்' எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் பட்டப்பெயரைப் போடலாம், சண்டை வரும் பக்கங்களைக் குறைக்கலாம், எட்டு வாரத்தில் புத்தகம் என்றார்கள். ஒரு யூட்யூப் சேனலில் இருந்தும் வந்தார்கள். அவர்களுக்கு நேர் எதிராக, சண்டைப் பக்கம் மட்டும் போதும் என்றார்கள். மாஸ்டர் இரண்டு பேருக்கும் சாயா கொடுத்து அனுப்பிவிட்டார். என்னிடம் சொன்னது இது:

"நான் அவனுக்க கூட்டுக்காரனாக்கும் மக்ளே. கூட்டுக்காரன் எழுதினா அதுல சண்டையும் இருக்கும், சோறும் இருக்கும். ஒண்ண மட்டும் கீறி எடுத்தா அது எனக்க எழுத்து இல்ல. பின்ன, எனக்க பேரப்பிள்ளைய எல்லாம் அந்த நெட்டுலதான் கிடக்குவ. எவனாவது கேறி கெட்ட வார்த்தை எழுதுவான். எனக்கு எதுக்கு?"

கூட்டுக்காரன் என்ற வார்த்தை எங்கள் பக்கத்துப் புழக்கம். நண்பன் என்பதைவிட ஒரு படி கூடுதலாக மண் ஒட்டியது. தமிழ் இசை எழுத்தில் இல்லாமல் போனது இந்தக் கூட்டுக்காரன்தான். பக்தன் இருக்கிறான், எதிரி இருக்கிறான்.

கூட்டுக்காரன் எழுதினால் என்ன கிடைக்கும் என்பதற்கு வேறொரு ஊரிலிருந்து சாட்சி சொல்கிறேன். பீத்தோவன் வியன்னாவில் இருந்தபோது ஃபெர்டினான்ட் ரீஸ் என்ற இளம் பியானோக்காரர் அவரிடம் சில வருஷம் படித்தார். ரீஸின் அப்பா, பான் நகரத்தில் சின்னப் பையனாக இருந்த பீத்தோவனுக்கு வயலின் சொல்லிக்கொடுத்தவர். அதனால் மாணவன், எடுபிடி, வீட்டுப் பிள்ளை எல்லாம் கலந்த உறவு. ரீஸ் பின்னாளில் எழுதிய நினைவுக் குறிப்புகள், பீத்தோவனின் இன்னொரு பால்ய நண்பரான வேகலர் எழுதியவற்றோடு சேர்ந்து 1838ல் புத்தகமாக வந்தன. அந்த ஆண்டு ஜனவரியிலேயே ரீஸ் இறந்துவிட்டார்.

அதில் மூன்றாம் சிம்பொனியின் முதல் ஒத்திகை வருகிறது. முதல் பகுதியில் ஓரிடத்தில், கூட்டம் இன்னும் வேறு ஸ்வரத்தில் நிற்கும்போதே, கொம்பு மட்டும் முந்திக்கொண்டு கருப்பொருளை எடுத்துவிடும். பீத்தோவன் வேண்டுமென்றே வைத்த குறும்பு. பக்கத்தில் நின்ற ரீஸ் கொம்புக்காரன் எண்ணத் தெரியாமல் தப்பாக நுழைந்துவிட்டான் என்று நினைத்து வாய்விட்டுத் திட்டிவிட்டார். பீத்தோவன் கிட்டத்தட்ட அறைந்தே இருப்பார். ரொம்ப நாள் மன்னிக்கவும் இல்லை. இதை எழுதியது ரீஸே. தான் முட்டாளாகத் தெரியும் சம்பவத்தை அவர் மறைக்கவில்லை. நமக்குக் கிடைத்தது என்ன? அந்த இடம் அன்றைய ஒரு தேர்ந்த இசைக்காரனின் காதிலேயே தப்பாக ஒலித்தது என்ற தகவல். எத்தனை தீபாராதனை காட்டினாலும் இந்தத் தகவல் வராது. ஆகா, மேதை என்று மட்டும்தான் வரும்.

அவரே சொல்லும் இன்னொன்று. பீத்தோவன் புதிதாக எழுதிய ஒரு மெதுவான பியானோத் துண்டை ரீஸ் ஆர்வக்கோளாறில் இளவரசர் லிக்னோவ்ஸ்கியிடம் வாசித்துக் காட்டினார். இளவரசர் அதைப் பிடித்துக்கொண்டு, மறுநாள் தானே எழுதியதுபோல பீத்தோவனிடமே வாசித்து விளையாடினார். பீத்தோவன் ரசிக்கவில்லை. அதற்குப் பிறகு ரீஸ் இருக்கும் இடத்தில் அவர் வாசிக்கவே இல்லை. ஒருமுறை நண்பர்கள் கூடிய இடத்தில் வாசிக்கக் கேட்டபோது, முதலில் ரீஸ் வெளியே போகட்டும் என்றார். ரீஸ் அழுதுகொண்டே போனார். முப்பது வருஷம் கழிந்து அதை எழுதும்போதும் பீத்தோவனை அவர் குட்டிச்சாத்தான் ஆக்கவில்லை. தன்னைத் தியாகி ஆக்கவுமில்லை.

கார்ல் செர்னி என்று இன்னொரு பியானோக்காரர். பியானோ படிக்கும் பிள்ளைகள் அவர் எழுதிய பயிற்சிகளால் விரல் நொந்திருப்பார்கள். பத்து வயதை ஒட்டி அப்பாவோடு பீத்தோவன் வீட்டுப் படியேறியவர். 1842ல் தன் வாழ்க்கை நினைவுகளைக் கைப்பட எழுதினார். அலங்கோலமான அறை, கறுத்து அடர்ந்த பறட்டைத் தலை, ராபின்சன் குரூசோ போன்ற தோற்றம், காதில் ஏதோ மஞ்சள் திரவத்தில் நனைத்த பஞ்சு. அந்தப் பஞ்சை ஒரு குழந்தையின் கண்தான் பார்த்தது, பார்த்த கண்ணுக்கு உரியவர்தான் எழுதினார். பிற்பாடு 1816ல் பீத்தோவனின் ஒரு ஐந்து வாத்தியப் படைப்பை வாசிக்கையில் செர்னி சொந்தச் சரக்கைச் சேர்த்துவிட்டார். எல்லார் முன்னிலையிலும் திட்டு விழுந்தது. மறுநாளே பீத்தோவனிடமிருந்து மன்னிப்புக் கடிதமும் வந்தது. தான் எழுதியதை எழுதியபடியே கேட்க விரும்பும் ஆசிரியன் ஒருவனைப் பொறுத்துக்கொள் என்ற தொனியில். திட்டு ஒரு நாள், கடிதம் மறுநாள். பக்தன் கடிதத்தை மட்டும் வைத்துக்கொள்வான், எதிரி திட்டை மட்டும். செர்னி இரண்டையும் வைத்திருந்தார்.

நண்பன் சொன்னால் எல்லாம் உண்மை என்று நான் சொல்லவில்லை. நெப்போலியன் தன்னைப் பேரரசனாக அறிவித்துக்கொண்டான் என்று கேட்டதும் பீத்தோவன் அந்தச் சிம்பொனியின் தலைப்புப் பக்கத்தைக் கிழித்து எறிந்தார் என்று ரீஸ் சொல்கிறார். வியன்னாவில் இன்று இருக்கும் பிரதியின் தலைப்புப் பக்கம் கிழியவில்லை. நெப்போலியன் பெயர் இருந்த இடத்தைச் சுரண்டிச் சுரண்டிக் காகிதம் ஓட்டையாகியிருக்கிறது. ரீஸ் பார்த்தது வேறு பிரதியாக இருக்கலாம், அல்லது ஞாபகம் சற்றே நாடகம் போட்டிருக்கலாம். பாதகமில்லை. எழுத்தும் இருக்கிறது, காகிதமும் இருக்கிறது, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

எதிர் உதாரணமும் அதே வீட்டில் உண்டு. ஆன்டன் ஷிண்ட்லர், பீத்தோவனின் கடைசிக் காலத்து உதவியாளர். பீத்தோவனின் நண்பர் என்று விசிட்டிங் கார்டிலேயே அச்சடித்துக்கொண்டவர் என்று கவிஞர் ஹைனே கேலி செய்த ஆள். காது கேளாத பீத்தோவனிடம் வந்தவர்கள் எழுதிக் காட்டிய உரையாடல் நோட்டுகள் இவர் கைக்கு வந்தன. பீத்தோவன் இறந்த பிறகு, அந்த நோட்டுகளின் காலி இடங்களில் இவர் தன் பேச்சைத் தானே எழுதிச் சேர்த்தார். பீத்தோவனோடு நெருக்கமாக அளவளாவியதாக, இசை ரகசியங்களை அவர் தன்னிடம் மட்டும் சொன்னதாக. ஒரு நூற்றாண்டுக்கு மேல் உலகம் நம்பியது. 1977ல்தான் பெர்லின் ஆய்வாளர்கள் கையெழுத்தை நுணுகிப் பார்த்து அது பிற்சேர்க்கை என்று சொன்னார்கள். நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட இடங்கள்.

ஷிண்ட்லர் எதிரி அல்ல, பரம பக்தன். பொய்யை எழுதியது பக்திதான். ஆனால் கையால் எழுதியதால் மாட்டிக்கொண்டார். அதையே இன்றைக்குக் கேமரா முன்னால் உட்கார்ந்து சொல்லியிருந்தால் பின்னணி இசையோடு லட்சம் பேர் பார்த்திருப்பார்கள். கண்டுபிடிக்க வழியே இருக்காது.

இதெல்லாம் ஐரோப்பாக்காரன் சமாச்சாரம், நம்ம மரபில் குருவைப் பற்றி அப்படி எழுதமாட்டோம் என்று ஒரு பதில் வரும். வரட்டும். உ.வே. சாமிநாதையரைப் படித்திருக்கிறீர்களா? மாயூரத்தில் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் தமிழ் படிக்கும்போதே கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் சங்கீதமும் படித்தார். அது பிள்ளைக்குப் பிடிக்காமல் போய் நிறுத்தியதையும் அவரே எழுதியிருக்கிறார். நந்தன் சரித்திரத்துக்குச் சிறப்புப் பாயிரம் கேட்டு பாரதியார் நடையாக நடந்தது, இலக்கணப் பிழை இருக்கிறது என்று பிள்ளை தட்டிக்கழித்தது, கடைசியில் பாரதியார் பாடியதைக் கேட்டு உருகி எழுதிக்கொடுத்தது, எல்லாம் இருக்கிறது. பெரிய வித்துவானின் பிடிவாதமும் பெரிய சாகித்தியகர்த்தாவின் காத்திருப்பும் ஒரே பத்தியில். இரண்டு பேர் மேலும் மரியாதை கூடத்தான் செய்கிறது. சாமிநாதையரைவிடக் குருபக்தி உள்ளவர் யார்?

தியாகராஜருக்கும் இதே கதைதான். அவருடைய சீடர் வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதரும் அவர் மகனும் எழுதிவைத்த சுவடிகள் மதுரை சௌராஷ்டிர சபைக்கு வந்து சேர்ந்தன. கீர்த்தனைகளைப் பற்றியும் வாழ்க்கையைப் பற்றியும் நமக்கு இருக்கும் முதல்நிலைச் சான்றுகளில் அவை முக்கியமானவை. காலம் தள்ளித் தள்ளி எழுதப்பட்ட சரித்திரங்களைப் பாருங்கள், அற்புதங்கள் கூடிக்கொண்டே போகும். பக்கத்தில் இருந்தவன் எழுதியதில் ஆள் தெரிவார், தூரத்தில் இருந்தவன் எழுதியதில் ஒளிவட்டம்தான் தெரியும். சினிமா இசைக்கு நாம் இப்போது ஒளிவட்டத்தில் இருந்தே தொடங்கியிருக்கிறோம். சுவடி எழுத வேண்டியவர்கள் உயிரோடு இருக்கும்போதே.

எவ்வளவு போய்விட்டது என்று யோசித்துப் பாருங்கள். விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் சேர்ந்து முதலில் இசையமைத்த படம் 1952ல் வந்த 'பணம்'. இயக்கியவர் நம்ம ஒழுகினசேரி என்.எஸ். கிருஷ்ணன். 1965ல் 'ஆயிரத்தில் ஒருவன்' படத்தோடு பிரிந்தார்கள். ஏன் பிரிந்தார்கள் என்று கேளுங்கள், டீக்கடைக்கு ஒரு காரணம் கிடைக்கும். அந்தப் பதின்மூன்று வருஷமும் அந்த அறையில் வயலின் வைத்துக்கொண்டு, பியானோ முன்னால் உட்கார்ந்து இருந்தவர்கள் எத்தனை பேர்! இரண்டு பேருக்கு நடுவே காற்று எப்படி மாறியது என்று அவர்களுக்குத் தெரியாதா? ராமமூர்த்தி 2013ல் போனார், விஸ்வநாதன் 2015ல்.

இளையராஜாவுக்கு மேற்கத்திய இசையின் வாசலைத் திறந்தவர் மயிலாப்பூரில் ஒரு லாட்ஜ் அறையில் இருந்த தன்ராஜ் மாஸ்டர். அவரைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அவரிடம் படித்தவர்கள் மேடையில் சொன்ன துணுக்குகள்தான். அந்த அறையில் ஒரு பாடம் எப்படி நடந்தது, பிள்ளைகள் எப்போது திட்டு வாங்கினார்கள், மாதச் சம்பளம் எவ்வளவு கொடுத்தார்கள்? ஒரு செர்னி வேண்டும் அதற்கு. எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் மேடைக் குழுவில் சகோதரர்களோடு சேர்ந்து வாசித்த காலத்திலிருந்து வந்த சிநேகம் இளையராஜாவுக்கும் அவருக்கும். 2017ல் வக்கீல் நோட்டீஸ் போனபோது தமிழ்நாடு முழுக்க இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. ராயல்டி பற்றிப் பேசினோம், சட்டம் பேசினோம். அப்புறம் இருவரும் சேர்ந்துகொண்டார்கள். 2020ல் பாலு போய்விட்டார். ஐம்பது வருஷ நட்பு, நம் கையில் எஞ்சியிருப்பது ஒரு நோட்டீசும் ஒரு கட்டிப்பிடித்த போட்டோவும்.

பம்பாயில்கூட நிலைமை கொஞ்சம் பரவாயில்லை. கிரெகரி பூத் என்ற வெளிநாட்டு ஆய்வாளர் வாத்தியக்காரர்களின் வீடு வீடாகப் போய்ப் பேசி 2008ல் ஒரு நல்ல புத்தகம் போட்டார். கோவாக்காரர்கள் எத்தனை பேர் இந்திப் பாட்டின் முதுகெலும்பாக இருந்தார்கள் என்று அதில் தெரிகிறது. அதுவும் பேட்டிதான். ஆனால் தம்ப்நெயிலுக்காக எடுத்த பேட்டி இல்லை.

இனி என் மேல் வரக்கூடிய நியாயமான எதிர்ப்புக்கு வருகிறேன். வாத்தியக்காரனுக்குப் பொறாமை இருக்காதா? இருக்கும். சம்பளம் குறைந்தவன், பெயர் டைட்டில் கார்டில் வராதவன், தொண்ணூறுகளில் கம்ப்யூட்டர் வந்ததும் ஒரே இரவில் வேலை போனவன். அவனுக்கு மனக்கசப்பு இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். அதனால் அவன் சாட்சி செல்லாது என்கிறீர்கள். அப்படியானால் ரசிகனின் சாட்சி மட்டும் எப்படிச் செல்லும்? அவனுக்கு அந்தப் பாட்டு தன் காதலோடும் பஸ் பயணத்தோடும் ஒட்டிக்கிடக்கிறது. அதில் ஒருவரை உள்ளே விட அவனுக்கு மனசு வராது. கசப்பை அடையாளம் காணலாம், பென்சிலால் பக்கத்தில் குறி போடலாம். நெக்குருகலைத்தான் ஒன்றும் செய்ய முடியாது.

இன்னொன்று, அந்தரங்கம். பெரிய மனிதருக்கும் குடும்பம் உண்டு, உயிரோடு இருப்பவர்கள் உண்டு. இதை நான் ஏற்கிறேன். ஆனால் அதற்கு மருந்து திருத்துவது அல்ல, காத்திருப்பது. எழுதியதை உறையில் போட்டு, இருபத்தைந்து வருஷம் கழித்துத் திறக்கலாம் என்று எழுதிக் கொடுக்க வேண்டியதுதானே. ரோஜா முத்தையா நூலகம் சினிமாப் பாட்டுப் புத்தகங்களைக்கூடத் தூக்கிப் போடாமல் காப்பாற்றி வைத்திருக்கிறது. அதுபோன்ற இடங்களுக்கு வாத்தியக்காரர்களின் நோட்டுகளையும் கேட்டு வாங்கலாமே, முத்திரையோடு. ரசிகர் மன்றங்கள் வைரவிழாவுக்கு வைக்கும் கட்அவுட்டில் ஒன்றைக் குறைத்தால் ஸ்கேன் செய்யும் கூலி வந்துவிடும்.

நாகர்கோவிலில் இருந்து கீரிப்பாறைக்கு வரும் பாதையில் பூதப்பாண்டி இருக்கிறது, ஜீவா பிறந்த ஊர். அதைத் தாண்டினால் அழகியபாண்டியபுரம், கிருஷ்ணன் நம்பியின் ஊர். இந்த இரண்டு பேரைப் பற்றியும் சுந்தர ராமசாமி நினைவோடை வரிசையில் நண்பனாக நின்று பேசியிருக்கிறார். ஜீவா மேல் அத்தனை பிரியம் வைத்தவர், அவரோடு எங்கே முரண்பட்டார் என்பதையும் சொல்லியிருக்கிறார். ஜீவாவுக்கு அதனால் ஒரு குறையும் வரவில்லை. பிறகு சுந்தர ராமசாமி இறந்ததும் அவரைப் பற்றி ஜெயமோகன் எழுதிய நினைவு நூலுக்கு எவ்வளவு சண்டை நடந்தது! நடந்தது நல்லதுதான். எழுத்தாளர்களுக்கு இந்தச் சுதந்திரம் இருக்கிறது. பத்துக் கிலோமீட்டர் மேலே ரப்பர் மரத்துக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் பியானோக்காரருக்கு மட்டும் ஏன் இல்லை? அவர் எழுத்தாளர் இல்லை, கூலிக்கு வாசித்தவர், அவருக்கு என்ன நினைவு வேண்டிக்கிடக்கிறது என்பதுதான் நம் அடிமனசில் இருக்கும் பதில். சொல்ல வெட்கமாக இருப்பதால் குருபக்தி என்கிறோம்.

வாசித்தவர்களிடம் எனக்குக் கேட்க ஒன்றுதான். எழுதுங்கள். கேமராவுக்குச் சொல்வதற்கு முன்னால் எழுதுங்கள். கையால், உங்கள் ஊர்ப் பேச்சில். 'அவன்' என்று வந்தால் 'அவன்' என்றே. அடித்தால் ஒற்றைக் கோடு போட்டு அடியுங்கள், கீழே இருப்பது தெரியட்டும். சாப்பாடு, பஸ் டிக்கெட், பேட்டா எவ்வளவு, எந்த ஸ்டூடியோவில் பியானோவின் எந்தக் கட்டை ஒட்டிக்கொள்ளும், எந்தப் பாட்டில் எந்தக் கார்டை நீங்கள் மாற்றி வாசித்து அவர் சரி என்றார், எதை மாற்றி வாசித்து அவர் முறைத்தார், எல்லாம் வேண்டும். யாருக்கும் காட்ட வேண்டாம். பேரப்பிள்ளைகளிடம் தூக்கிப் போடக்கூடாது என்று மட்டும் சொல்லி வையுங்கள்.

கீரிப்பாறை மழைக்குக் காகிதம் தாங்காது. மாஸ்டர் வீட்டு டிரங்குப் பெட்டியில் இரண்டாவது நோட்டின் கீழ் ஓரத்தைக் கறையான் தொட்டுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நான் போய்ப் பக்கம் பக்கமாகச் செல்போனில் படம் எடுக்கிறேன். அச்சிடக்கூடாது, தான் இருக்கும்வரை வேறு யாருக்கும் காட்டக்கூடாது என்று சொல்லியிருக்கிறார். 'அவன்' இருக்கும் பக்கங்களை முதலில் எடு என்றும் சொன்னார். இதுவரை நாற்பத்திரண்டு பக்கம் ஆகியிருக்கிறது.